வெயிலில் கறுத்த பல்

என் வாய் எனக்குச் சொந்தமானது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஏழு வயது வரைதான். பால்பல் விழுந்து, மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் முளைத்த பிறகு அது ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. வைகாசியில் கருட சேவைக்கு வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் விடியற்காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். இட்லி சாப்பிடுவார்கள். அப்புறம் ஆளாளுக்கு என்னைக் கூப்பிட்டு, "எங்க, வாயத் தொற" என்பார்கள். பெருமாளையாவது கூட்டத்தில் எக்கி எக்கித்தான் பார்க்க முடியும். என்னை முற்றத்து வெளிச்சத்தில் நிற்கவைத்து, முகவாயைப் பிடித்துத் தூக்கி, நிதானமாகத் தரிசிக்கலாம்.

முளைக்கும்போது அந்தப் பற்கள் வெளிர்மஞ்சளாகத்தான் இருந்தன. ஒன்றிரண்டு வருடத்தில் மஞ்சள் பழுப்பானது, பழுப்பில் சாம்பல் ஏறியது, குறுக்கே கோடு கோடாக நின்றது. சேலைக்கு இரண்டு கரை போதும் என்று இந்த ஊர் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. என் பல்லுக்கு நான்கு.

அப்பா சாயக்காரர். வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. தறிக்காரர்கள் கொடுக்கும் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுத்து, அண்டாவில் சாயம் ஏற்றி, கேட்ட நிறத்தில் திருப்பிக் கொடுப்பது தொழில். பாதி வேலையை அம்மா செய்தாள். பெயரை மட்டும் அப்பா முழுசாக எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, நான்கு வீடு தள்ளி இருந்தாள். உலகத்தில் அவளுக்குத் தெரியாத வியாதி கிடையாது. காரணம் தெரியாத வியாதியும் கிடையாது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் என் அம்மாதான்.

"மாசமா இருக்கும்போது வெத்தல பாக்கு போடாதடின்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாளா?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அம்மா வாழ்க்கையில் வெற்றிலை போட்டது ஒரே ஒரு நாள், அவள் கல்யாணத்தன்று. மடித்துக் கொடுத்ததும் அத்தைதான். கூரத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, நான் மண் தின்றிருப்பேன் என்றாள். இன்னொருவர் டீயைச் சொன்னார். எங்கள் வீட்டில் டீ வாங்கத் தொடங்கியதே நான் பத்தாவது படிக்கும்போது. பாவம், அவருக்கு அது தெரியாது. ஒருவர் மட்டும், "தண்ணி சரியில்லாம இருக்கும்பா" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

"எந்தத் தண்ணி? இந்த ஊரு தண்ணியா? இந்தத் தண்ணியிலதான் பட்டுக்கே அந்த மினுக்கு வருது. தண்ணியச் சொன்னா என் தொழிலச் சொன்ன மாதிரி!"

ஆகவே தண்ணீர் அன்றே விடுதலை செய்யப்பட்டது. அம்மாவைச் சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு வைத்தியம். செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு, எலுமிச்சம்பழத் தோல், வேப்பங்குச்சி என்று ஒன்று விடாமல் தேய்த்தார்கள். ஈறுதான் தேய்ந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா இது தன் இலாகா என்று முடிவு செய்தார். ஏறின சாயத்தை இறக்கத் தெரியாதவன் சாயக்காரனா? பட்டுக்குப் பசை எடுக்கிற சோப்பு சோடாத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தார்.

"வேணாங்க, எரியும்," என்றாள் அம்மா.

"பட்டுக்கே ஒண்ணும் ஆவல, பல்லுக்கு இன்னா ஆயிடும்?"

பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. உதடும் நாக்கும் வெந்து மூன்று நாள் ஆறிய கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். நான்காம் நாள் அப்பா என்னை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கெட்டிச் சாயம்," என்றார். குரலில் மரியாதை இருந்தது. "எவன் போட்டானோ, தொழில் தெரிஞ்சவன்." திரும்பிப் போகும்போது தனக்குத்தானே ஒன்று சொன்னார். "வெயில்ல வெளுக்கற சாயம் பாத்திருக்கேன். வெயில் பட பட கறுக்கற சாயத்த இப்பதான் பாக்கறேன்."

அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நூல் பிழிந்துகொண்டிருந்த அம்மா மட்டும் அதைக் கேட்டாள்.

எனக்கு அப்போது இந்த ஆராய்ச்சியெல்லாம் பொருட்டில்லை. பள்ளிக்கூடத்தில் குழுப் படம் எடுத்தபோது, "நீ மட்டும் வாய மூடிக்கினு சிரிம்மா" என்று டீச்சர் அன்பாகச் சொன்னார். மூடிக்கொண்டு சிரித்துப் பாருங்கள், தெரியும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசப் பழகினேன். வகுப்பில் எனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுதி அவர்களுக்குப் பெருமை சேர்க்கப் போவதில்லை. அழுகை அழுகையாக வரும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால், ஊரோடு சேர்ந்து நானும் அம்மா மேல் கோபப்பட்டேன். "நீதான் ஏதோ பண்ணிட்ட," என்று ஒன்பது வயதில் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் கையில் இருந்த நூலை உதறிக் கொடியில் போட்டாள். திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

இவ்வளவு பேர் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருக்கையில், அது சாமி அலமாரியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், மிகுந்த மரியாதையோடு உட்கார்ந்திருந்தது. பழுப்புக் கண்ணாடி பாட்டில். உள்ளே மஞ்சளாக, பாகு மாதிரி ஒரு மருந்து. எனக்கு ஆறு மாதமாக இருக்கும்போது நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறியதாம். அத்தைதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த மருந்து கொடுத்த மூன்றாம் நாள் நான் கண் விழித்துச் சிரித்தேனாம். அன்று முதல் அது எங்கள் வீட்டில் மருந்து இல்லை, குலதெய்வம். இருமினால் ஒரு ஸ்பூன், தும்மினால் அரை ஸ்பூன். டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு தடவை. அப்புறம் தீர்ந்தால் கடையில் வாங்கிக்கொள்வதுதான். சீட்டு எங்கே என்று கேட்டு மனிதரைச் சங்கடப்படுத்தும் வழக்கம் கடைக்காரருக்கு இல்லை.

மருந்து நன்றாக இனிக்கும். அதைக் குடித்த வாயோடு அப்படியே தூங்கிவிடுவேன். பால்பல் நான்கு சொத்தையானபோது எல்லோரும் மிட்டாயைத் திட்டினார்கள். நான் தின்ற மிட்டாயைவிடக் குடித்த மருந்து அதிகம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமி அலமாரியில் இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

எனக்கு ஒன்பது வயது முடிந்தபோது தங்கை பிறந்தாள். எட்டாம் மாதத்தில் அவளுக்கும் இருமல் வந்தது. குலதெய்வத்துக்கும் வேலை வந்தது. பத்து நாள் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. அப்போது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். கண்ணில் பட்ட இங்கிலீஷை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்து வீட்டாரை வதைக்கும் வயது. சோப்பு உறை, தீப்பெட்டி எல்லாம் முடிந்து, ஒரு நாள் மருந்து பாட்டிலுக்கு வந்தேன். தட்டுத்தடுமாறிப் படித்து, அர்த்தமும் சொன்னேன். "வெளிச்சம் படாத எடத்துல வெக்கணுமாம்மா."

அம்மா அண்டாவைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"இன்னா? இன்னொரு தபா படி."

படித்தேன்.

"வெளிச்சம் பட்டா இன்னா ஆவும்னு போட்டிருக்குதா?"

"அதெல்லாம் போடல."

சாயக்காரர் வீட்டில் வெயிலுக்குப் பயந்து ஒளிகிற எதற்கும் மரியாதை கிடையாது. புதுச் சாயம் வந்தால் முதலில் அதை வெயில் பார்ப்பார்கள். கொஞ்சம் நூலில் சாயம் ஏற்றி, கிணற்றுச் சுவர் மேல் பரப்பி, பாதியைச் செங்கல்லுக்கு அடியில் வைத்து, பாதியை வெயிலில் விடுவார்கள். எட்டு நாள் கழித்துச் செங்கல்லைத் தூக்கினால் சாயத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். வியாபாரி எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் செங்கல் பொய் சொல்லாது என்பது பட்டறையின் நம்பிக்கை.

அம்மா பசை எடுத்த வெள்ளைப் பட்டில் ஒரு பிடி எடுத்து மருந்தில் நனைத்தாள். நிழலில் உலர்த்தினாள். கிணற்றுச் சுவர் மேல் வைத்து, பாதியின் மேல் செங்கல்லை ஏற்றினாள். மிச்ச மருந்தைச் சாக்கடையில் ஊற்றவில்லை. கெட்டிக்காரி, பாட்டிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அப்பா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மருந்துல சேல நெய்யப் போறியா?" என்றார். பட்டணத்தில் மருந்து செய்கிறவர்களைவிட இவளுக்கு அதிகம் தெரிந்துவிட்டதாம்.

எட்டாம் நாள் செங்கல்லைத் தூக்கினாள். அடியில் இருந்த நூல் வெளிர்மஞ்சள். வெயிலில் இருந்த நூல் பழுப்பு. அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வாயத் தொற."

ஊரே கேட்டிருக்கிறது. அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. நீயுமா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அதைச் சட்டை செய்யாமல், தறிக்காரர் மாதிரிக்குக் கொடுத்த நூலோடு நிறம் ஒத்துப் பார்ப்பதுபோல, அந்தப் பட்டை என் பல்லோரம் வைத்துப் பார்த்தாள். அதே பழுப்பு. சாம்பல் மட்டும் கொஞ்சம் குறைவு. நூலைக் காகிதத்தில் மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தாள்.

பல வருடம் கழித்து, சென்னையில் ஒரு பல் டாக்டர் என் வாயைப் பார்த்த மாத்திரத்தில், "சின்ன வயசுல டெட்ராசைக்ளின் குடுத்தாங்களா?" என்று கேட்டார். ஈறுக்குள் பல் உருவாகும்போதே மருந்து அதில் போய்த் தங்கிவிடுமாம். முளைத்து வெளிச்சம் பட்டபின் நிறம் மாறுமாம். எட்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாதாம். இதைப் படிக்க அவர் பெரிய கல்லூரிக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு ஒரு செங்கல்தான் இருந்தது.

தங்கைக்கு இரண்டு வயது முடிந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நூல் உலராமல் பட்டறை படுத்துவிட்டது; கூடவே தங்கையும். காய்ச்சல் கொதித்தது. மூச்சு விடும்போது விலா உள்ளே போய் வந்தது. அம்மா, அத்தை, நான் மூவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். சீட்டை எழுதி நீட்டினார். எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. அதே பெயர்.

அம்மா சீட்டை வாங்கவில்லை. இடுப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் பிரித்தாள். புறப்படும்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"பட்டுங்க. இந்த மருந்துல நனச்சது. இந்தப் பக்கம் செங்கல்லுக்கு அடியில இருந்துச்சு, இந்தப் பக்கம் வெயில்ல இருந்துச்சு."

"நான் இத்தனை வருஷம் படிச்சது போதாதுன்னு நீ செங்கல்ல வெச்சுப் பாடம் எடுக்க வந்தியாம்மா?"

வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கம்பவுண்டர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், அவருக்கு அது உத்தியோகக் கடமை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "காட்டு," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். டாக்டர் பட்டைப் பார்த்தார், என் பல்லைப் பார்த்தார், மறுபடி பட்டைப் பார்த்தார். டார்ச் விளக்கை எடுத்து அடித்துப் பார்த்தார். நீட்டிய சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்தப் பல்லைப் பற்றிக் கருத்துச் சொல்லாத முதல் மனிதர் என்ற முறையில் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது.

"அப்ப பென்சிலின் ஊசிதான் போடணும்," என்றார் கடைசியில். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மழையில தூக்கிட்டு வர முடியுமா?"

"வரேங்க."

வெளியே வந்ததும் அத்தை அவிழ்த்துவிட்டாள். "குடுத்த மறுநாளே கேக்கற மருந்த வுட்டுட்டு ஊசிங்கறா! பல்லு இன்னாடி பல்லு? புள்ள இருந்தாத்தான பல்லு?"

"ரெண்டும் இருக்கட்டும் அண்ணி," என்றாள் அம்மா. நாத்தனாரிடம் அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

முதல் நாள் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாம் நாளும் இறங்கவில்லை. அத்தை வீடு வீடாகப் போய், பல்லுக்காகப் பிள்ளையைக் கொல்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா, "குடுத்துத் தொலையேன்" என்றார். மிச்சம் இருந்த பாட்டில் அலமாரியில்தான் இருந்தது. அம்மா குழந்தையைத் துண்டில் சுற்றி, குடைக்குள் பொத்திக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இரண்டு வேளையும் நடந்தாள். குடை பிடிக்க நானும் போனேன். வழியில் ஒரு தடவை நின்றாள். "தப்புப் பண்றனாம்மா?" என்று என்னிடம் கேட்டாள். பதினோரு வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். "இல்லம்மா," என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தைக்கு வியர்த்தது. மறுநாள் இட்லி கேட்டது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "நான்தான் அந்த டாக்டராண்ட கூட்டிக்கினு போனேன்," என்று தெருவுக்கே அறிவித்தாள். அம்மா அன்றுதான் அந்தப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

ஆனால் பிழைத்துவிட்டது என்பதோடு விஷயம் முடியவில்லை. எட்டாம் மாதத்தில் கொடுத்த பத்து நாள் மருந்து உள்ளே இருந்தது. அது என்ன செய்திருக்கிறது என்று தெரிய, பால்பல் விழுந்து அடுத்த பல் வர வேண்டும். நான்கு வருடத்துக்கு மேல் அம்மா காத்திருந்தாள். தங்கை சிரிக்கும்போதெல்லாம் அம்மா சிரிப்பைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பாள். அவள் ஜாதகத்தைக்கூட யாரும் அவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை.

ஒரு பங்குனியில் கீழ்வரிசையில் முதல் பல் முளைத்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. அம்மா நம்பவில்லை. என் பல்லும் வெயில் பட்ட பிறகுதானே நிறத்தைக் காட்டியது? தினமும் காலையில் தங்கையைக் கிணற்றடியில் உட்காரவைத்து, வாயைத் திறந்துகொண்டு சூரியனைப் பார்க்கச் சொன்னாள். தெருவே வேடிக்கை பார்த்தது. புதுவிதமான சூரிய நமஸ்காரம் என்று அப்பா சொன்னார். செங்கல் மட்டும்தான் வைக்கவில்லை. சித்திரை வெயில் முழுக்க இப்படிப் போனது.

அக்னி நட்சத்திரமும் முடிந்த ஒரு காலையில் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "உனக்குக் கண்ணு நல்லா தெரியும். பாரு," என்றாள். பார்த்தேன். பல்லின் நுனியில் நூல் கனத்தில் ஒரே ஒரு மஞ்சள் கோடு. அதற்குக் கீழே ஈறு வரை வெள்ளை.

"எட்டாம் மாசம். பத்து நாளு," என்றாள் அம்மா. "அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல." கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பதினாறு வயது. தங்கையின் வெள்ளைப் பல்லைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். பொறாமையாக இருந்தது. கை தானாக வாயைப் பொத்தியது. அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். தங்கையை விளையாட அனுப்பிவிட்டு, "நீயும் வாம்மா," என்றாள்.

உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். என் முன்பல்லின் நுனியில் இருந்த முதல் கோட்டின் மேல் அவள் நகத்தை வைத்தாள்.

"இது ஆறு மாசத்துல வந்த சளி. நீ பொழைக்க மாட்டேன்னு எல்லாரும் அழ ஆரம்பிச்சிட்டாங்க." நகம் மேலே ஏறியது. "இது ஒண்ணரை வயசுல. கோயில் கூட்டத்துல தூக்கிக்கினு போயி வந்த காச்சல்." மூன்றாவது கோடு. "இது அம்ம போட்டு எறங்கினப்புறம் வந்த இருமல். ராவும் பகலும் மடியிலியே கிடந்த."

நான்காவது கோடு ஈறை ஒட்டி இருந்தது. மற்ற மூன்றையும்விட அகலம், மற்ற மூன்றையும்விடக் கறுப்பு. நகம் அங்கே போய் நின்றுவிட்டது. இதற்கும் ஒரு காய்ச்சல் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"இதுக்குக் காச்சல் இல்ல," என்றாள். "அப்ப கல்யாண சீசன். அரக்குச் சாயம் நாள்பூரா கொதிச்சிக்கினு இருக்கும். நீ அண்டாவாண்ட வந்து வந்து நின்ன. மேல ஊத்திக்குவியோன்னு பயம். அந்த மருந்துல ஒரு ஸ்பூன் குடுத்தா சப்பிக்கினு ஒரு மூலையில ஒக்காந்துக்குவ. இனிப்புதான, ஒடம்புக்கும் நல்லதுதானன்னு ஒரு மாசம் குடுத்தேன். சும்மா குடுத்தேன்மா. ஒண்ணுமே இல்லாததுக்குக் குடுத்தேன்."

ஏழு வயதிலிருந்து நான் தேடிய குற்றவாளி, தானாக வந்து ஒப்புக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து என் கன்னத்தில் விழுந்தது. அந்த ஒரு மாதம் எனக்கு நினைவில் இருந்ததா என்றால், இல்லை.

நகம் இன்னும் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. அதனால் வாயை மூடாமலே, குளறிக் குளறிச் சொன்னேன்.

"ரொம்ப இனிப்பா இருந்துச்சிம்மா. நான்தான் கேட்டுக் கேட்டு அழுதேன்."